தபால்தலைக்கு அடியில் ஒரு தீக்குச்சி

ஒன்பது, பத்து, பதினொன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே உலுக்குகிறாள் ரோவீனா டீட்ரிக். கையில் இருக்கும் இரும்புப் பிடி, வீட்டைச் சூடாக்கும் உலையின் அடிவயிற்றில் கிடக்கும் சல்லடையை ஆட்டுகிறது. கீழே தட்டில் சாம்பல் பொலபொலவென்று உதிர்கிறது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள். பன்னிரண்டாவது ஆட்டத்தில் சத்தம் மாறுகிறது. சாம்பலோடு இரண்டு மூன்று சிவந்த பொறிகள் விழுகின்றன. சட்டென்று பிடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "போதும், போதும். முழிச்சுக்கிட்டே இல்ல?" என்று கேட்கிறாள். நிலவறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கேள்வி உலையிடம்.

காலை ஐந்து மணி. தபால்காரிச் சீருடையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு கரி அள்ளிப் போடுகிறாள். நெல்லிக்காய் அளவு நிலக்கரி. ஒரு வாரி, இரண்டு வாரி, மூன்று. முன்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பை மூடாமல் விடுகிறாள். பிறகு கதவின் சிறு கண்ணாடி முன் குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். கருப்புக் குவியலின் மேல் எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடப்பதில்லை. திடீரென்று 'பக்' என்று ஒரு சத்தம். கரியின் இடுக்குகளிலிருந்து நீலச் சுடர்கள் கால் ஊன்றாமல் எழுந்து ஆடத் தொடங்குகின்றன.

"பாரு பாரு பாரு! பொண்ணுங்க வந்துட்டாளுங்க!"

நீலச் சுடர்களை ஹெக்லர் ரன் ஊரில் எல்லோருமே 'பொண்ணுங்க' என்றுதான் சொல்வார்கள். ஆனால் தினமும் இரண்டு வேளை, ஐம்பத்தாறு வயதில், அவற்றைப் பார்த்துக் கைதட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

தபால் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் அவள் கண் முதலில் போவது புகைபோக்கிக்கு. பிறகுதான் தபால் பெட்டிக்கு. பென்சில்வேனியாவின் இந்த மலைச்சரிவில் தோண்டும் கரி புகைவதில்லை. தீ நன்றாக இருந்தால் புகைபோக்கியின் வாய்க்கு மேல் காற்று மட்டும் நெளியும், கோடைச் சாலையில் கானல் நெளிவதுபோல. அந்த நெளிவை வைத்தே அவள் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவாள். வெள்ளைப் புகை வந்தால், "ஸ்லாட்டரி வீட்டுல கரி தீர்ந்துபோச்சு, ஈர விறகு போட்டிருக்கான், சோம்பேறி." நெளிவு பலமாக இருந்தால், "மருமக வந்திருக்கா, குளிருதுன்னு சொல்லியிருப்பா." சொல்லி முடித்த பிறகுதான் மின்கட்டண ரசீதை நீட்டுவாள்.

தொழிலிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலாசம் மாறிப்போய்த் திரும்பி வந்த கடிதத்தை, விலாசத்தை மட்டும் அடித்து எழுதிப் பெட்டியில் மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டுவாள். "ஒரு தடவை போயிட்டு வந்துடுச்சில்ல? பழைய தபால்தலை அந்தப் பயணத்தோட தீர்ந்துபோச்சு. புதுசா ஒண்ணு ஒட்டுங்க." ஒட்டும்வரை அங்கேயே நிற்பாள். அந்த இடைவெளியில் அவர்களுடைய உலையைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டுவிடுவாள்.

இத்தனைக்கும் அவள் இந்த ஊர்க்காரி இல்லை. லங்காஸ்டரில் இருபத்தேழு வருடம் வாடகைக் குடியிருப்பில், சுவரில் இருக்கும் குமிழைத் திருகினால் சூடு வரும் வாழ்க்கை. மூன்று குளிர்காலங்களுக்கு முன் வேலை மாற்றலில் இங்கே வந்து வீடு வாங்கினாள். கீழே நிலவறையில் நின்ற உலையை, பழைய சொந்தக்காரர் தூக்க முடியாமல் விட்டுப்போன ஏதோ இயந்திரம் என்று நினைத்தாள். அக்டோபர் முதல் வாரம் பல் கிட்டித்தபோதுதான் வீட்டைச் சூடாக்க வேறு எதுவுமே இல்லை என்பது உறைத்தது.

விறகும் எரியும், கரியும் எரியும் உலை அது. விறகு சுலபமாகப் பிடித்துக்கொண்டது. கரிதான் அவளைப் படுத்தியது. விறகை மேலிருந்து கிளறிவிடுவதுபோல் கரியையும் கிளறினாள். இந்தக் கரியை மேலிருந்து தொட்டால் செத்துவிடும் என்று இங்கே தவழும் பிள்ளைக்கும் தெரியும். அந்த முதல் குளிர்காலத்தில் பதினோரு முறை தீ அணைந்தது, பதினோரு முறை பற்ற வைத்தாள். பின்சந்துக்கு எதிர்வீட்டுக் கிளெம் சபோல் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் எண்ணினார்.

"ஏம்மா தபால்காரி, உன் வீட்டுத் தீக்குச்சி மரத்தை அடுக்கியிருந்தா ஒரு கொட்டாயே கட்டியிருக்கலாமே!"

"கட்டுவேன் கிளெம். கட்டி உங்களை உள்ள உட்கார வெச்சுக் கொளுத்துவேன்."

"உன்னாலயா? அதுவும் அணைஞ்சுரும்."

கிளெமுக்கு எழுபத்துமூன்று வயது. ஒரு முழங்கால் மடங்காது. பேச்சு மட்டும் எல்லாப் பக்கமும் மடங்கும். ஊர்த் தீயணைப்புப் படையின் கூடத்தில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. தீயை அணைப்பவர்களுடைய கூடத்தில், தீயை அணையவிடாமல் காத்தவர்களின் பெயர்ப் பட்டியல். அக்டோபர் முதல் ஞாயிறு ஒரே ஒரு தீக்குச்சி. அதில் பற்றிய தீ ஏப்ரல் பதினைந்துவரை அணையாமல் இருந்தால் பலகையில் பெயர் ஏறும். நடுவில் அணைந்தாலோ அடுத்த வீட்டில் கங்கு வாங்கினாலோ அந்த வருடத்துக்குப் பெயர் இல்லை. அந்தப் பலகையில் கிளெமின் பெயர் மட்டும் ஏழு தடவை இருக்கிறது. வெளியூரிலிருந்து குடிவந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

போன அக்டோபரில் ரோவீனா அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். கூடத்தில் இருந்தவர்கள் உருளைக்கிழங்கு அடையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். "சிரிங்க சிரிங்க. என் வாழ்க்கையில நான் ஆறு மாசம் எதையும் விடாம செஞ்சதில்ல. கிட்டார் ரெண்டு மாசம். பின்னல் வேலை மூணு வாரம். டயட்டு நாலு நாள். கல்யாணம் மட்டும்தான் கொஞ்ச நாள் ஓடுச்சு, அதையும் அந்தாளுதான் இழுத்துக்கிட்டிருந்தாரு. இது ஒண்ணையாவது முழுசா செஞ்சு பாத்துடறேன்" என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள். ஆனால் பலகையைப் பார்த்த கண் சிரிக்கவில்லை.

கிளெமையே சாட்சியாகக் கூப்பிட்டாள். கிழித்த குச்சியைத் தூக்கி எறியவில்லை. நிலவறையில் உலைக்குப் பக்கத்து மரத்தூணில் அதை நிற்க வைத்து, அதன்மேல் ஒரு தபால்தலையை ஒட்டினாள். கிளெம் அந்தத் தபால்தலைக்குக் குறுக்கே பேனாவால் கையெழுத்துப் போட்டார். "முழுக் குளிர்காலத்துக்கும் இது ஒண்ணு போதுமா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிலவறைப் படி ஏறினார்.

அதன்பிறகு அவளுடைய நாள்காட்டி உலைதான். காலை ஐந்து, மாலை ஐந்து. சிநேகிதிகள் சாப்பிடக் கூப்பிட்டால், "உலுக்கிட்டு வர்றேன்" என்பாள். பிட்ஸ்பர்க்கில் ஒன்றுவிட்ட தங்கை மகளின் திருமணத்துக்குப் போனவள், கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்து, திருமண உடையோடு கரி அள்ளிப் போட்டாள். முன்னாள் கணவர் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது முழுக்க உலையைப் பற்றியே பேசினாள். அவர் கடைசியில், "என்னை நீ இப்படி ஒரு நாள் பாத்திருந்தா நான் ஏன் போறேன்?" என்றார். "நீங்க நீலமா எரியலையே" என்றாள். இதை அவள் தன் தடத்தில் இருக்கும் எல்லா வீடுகளிலும் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கடுங்குளிர். தபால் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கிளெம் வீட்டுப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். காற்று நெளியவில்லை. வானம் கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கிளெம் காய்ச்சலில் மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தார். உலை இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தன் வீட்டு உலையிலிருந்து சிவந்த கங்குகளைச் சாம்பல் வாளியில் அள்ளிக்கொண்டு பின்சந்தைக் கடந்து வந்து அவருடைய உலையில் கொட்டினாள். விறகு போட்டு, கரி போட்டு, நீலம் ஏறும்வரை நின்றாள். கிளெம் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டினார்.

"என்ன எரியுது?"

"என் தீ."

"அதான் சூடு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டார். அடுத்த வாரம் எழுந்து நடந்ததும் கூடத்துக்குப் போய், போட்டிப் பட்டியலில் இருந்த தன் பெயரைத் தானே துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் மூன்றாம் தேதி விடியும்போதே காற்று வெதுவெதுவென்று இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள். ரோவீனா உலைமுன் நின்று விரல்விட்டு எண்ணினாள், உற்சாகம் தாங்கவில்லை. உலுக்கத் தொடங்கினாள். வெயில் நாளில் புகைபோக்கி புகையை நன்றாக மேலே இழுக்காது. சாம்பலைக் கொஞ்சம் மெத்தையாக விட்டுவைத்து, நாலே ஆட்டத்தோடு நிறுத்த வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு வாய் கூடத்துக் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தது, கை தன்பாட்டுக்குப் பன்னிரண்டு வரை போனது. சிவந்த கரி பாதி தட்டில் விழுந்தபிறகுதான் பார்த்தாள். பதறிப்போய் மேலே நான்கு வாரி புதுக்கரியைக் கொட்டி மூடினாள். இரண்டும் தப்பு. முன்பக்கம் ஓரமாக ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தது. பிடித்துக்கொள்ளும் என்று நம்பி வேலைக்குப் போனாள்.

அன்று பார்த்து வண்டி நிறையப் பார்சல். மதியம் வீட்டுக்கு வர முடியவில்லை. மாலை நாலு மணிக்குச் சந்தில் திரும்பும்போதே அண்ணாந்து பார்த்தாள். தன் வீட்டுப் புகைபோக்கிக்கு மேல் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைத் திறந்தாள். கருப்பு. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். காலையில் தின்ற ரொட்டியின் சூடுகூட இல்லை. முதல் குளிர்காலத்தில் செய்ததுபோலவே, செய்யக்கூடாது என்று தெரிந்தே, மேலிருந்து கிளறினாள். அடிவரை கருப்பு.

தூணிலிருந்த குச்சியை எடுத்தாள். தபால்தலை கையெழுத்தோடு பாதியாகக் கிழிந்தது. குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். இரவு மறுபடி குளிரும். வீட்டைச் சூடாக்கித்தான் ஆக வேண்டும். பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் கிளெம் முதலில் கவனித்தார்.

"என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?"

அவள் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிளெம் ஒரு நிமிடம் அவளையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊரே திரும்பிப் பார்க்கும் குரலில் கத்தினார்.

"கீழ வை அதை! கிழிச்சே, கொன்னுடுவேன்!"

"கிளெம், இங்க ஒண்ணும் மிச்சமில்ல. சுத்தமா அணைஞ்சுபோச்சு."

"உன் வீட்டுல அணைஞ்சுது. உன் தீ எங்கம்மா அணைஞ்சுது? ஜனவரியிலேருந்து என் வீட்டுலதானே எரியுது!"

அவள் எழுந்து நின்றாள். வாயைப் பிளந்தபடி தீப்பெட்டியைப் படியில் வைத்தாள்.

"அதுக்கப்புறம் நான் ஒரு குச்சி கிழிக்கல. கிழிச்சா நாக்கு அழுகிடும். நீ கொண்டாந்து கொட்டுனதுதான் இன்னிவரைக்கும். வாயைப் பொளந்துகிட்டு நிக்காத! போய்க் கருப்பையெல்லாம் அள்ளு. சன்னமா விறகு அடுக்கு. பத்து நிமிஷம்!"

அவள் படிகளில் ஓடினாள். செத்த கரியை வாரி வாரி வாளியில் கொட்டினாள். சல்லடையைத் துடைத்தாள். விறகுக் குவியலில் மிகக் காய்ந்ததாகத் தேடி, கைக்கோடரியால் விரல் பருமனில் பிளந்து குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். கையில் சிராய் ஏறியதை உதறிவிட்டுக்கொண்டாள். மேலே சந்தில் இரும்பு வாளி கிணுகிணுப்பதும், மடங்காத காலை இழுத்து இழுத்து ஒருவர் ஓடி வருவதும் கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ, "கிளெம், வாளி எரியுதுடா!" என்றார்கள். "தெரியும்டா! நான்தான் எரியுறதைத் தூக்கிட்டு வர்றேன்!" என்று பதில் போனது.

வாளி உள்ளே வந்ததும் நிலவறை சிவந்தது. கங்குகளை அவள் விறகின்மேல் கொட்டினாள். விறகு உடனே பற்றியது. பற்றியது மேலே போகாமல் கதவு வழியாக வெளியே வந்தது. வெயிலில் புகைபோக்கி இழுக்க மறுத்தது. புகை கண்ணைக் கரித்தது. சுவரிலிருந்த எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

"இழுக்கல கிளெம், இழுக்கல! கதவெல்லாம் திறந்து விடுங்க!"

"திறந்துதான் இருக்கு! புகைபோக்கியைச் சூடு பண்ணு! காகிதம் இருக்கா?"

காகிதம்! தபால்காரி வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்? அவளுக்கே வந்து குவிந்த விளம்பரத் தாள்கள் மூலையில் மூட்டையாகக் கிடந்தன. மெத்தை தள்ளுபடி, பல் மருத்துவர், பீட்சா. புகைபோக்கியின் அடியிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்து அவற்றைக் கசக்கித் திணித்தாள். தீக்குச்சியின் பக்கம் கை போகவில்லை. வாளியின் அடியில் மிஞ்சிய ஒரே கங்கை இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்து ஊதினாள். கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய ஊதினாள். பல் மருத்துவரின் சிரிப்பு முதலில் பற்றியது. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் 'குபீர்' என்று எரிந்து மேலே ஓடின. புகைபோக்கிக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. அறையில் சுழன்ற புகை திசை திரும்பி, உலைக்குள் வரிசையாகப் போயிற்று.

கிளெம் துடைப்பக் கட்டையால் மணியை ஒரு போடு போட்டார். அலறல் நின்றது.

விறகு தணலாகியதும் அவள் கரியைத் தூவத் தொடங்கினாள். கொட்டவில்லை, தூவினாள். ஒரு கைப்பிடி, காத்திருத்தல், இன்னொரு கைப்பிடி. இருவரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளின்மேல் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் முகத்திலும் பல்லும் விழியும் மட்டுமே வெள்ளை. அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் கிளெம், நீங்க ஏன் வேற குச்சி கிழிக்கல? உங்க பேரைத்தான் நீங்களே அழிச்சுட்டீங்களே. அணைஞ்சா என்ன, போனா என்ன?"

"எழுபத்துமூணு வயசுல ஒரு லங்காஸ்டர்க்காரி வந்து என் உலையை மூட்டிட்டுப் போறா. அதையும் அணைய விட்டா ரெண்டாவது தடவையா மானம் போகும்."

"கூடத்துல ஒத்துக்க மாட்டாங்க. வாங்குன கங்கும்பாங்க."

"யார்கிட்ட வாங்குனே? உன்கிட்டயேதானே வாங்குனே. நான் சாட்சி சொல்றேன்."

"அணைஞ்சது அணைஞ்சதுதான். குருவி உட்கார்ந்திருந்துச்சு. அதையும் சொல்லிடுவேன். பன்னெண்டு தடவை உலுக்குனதையும் சொல்லிடுவேன். எல்லாத்தையும் சொல்லிட்டு அவங்களே பாக்கட்டும்னு விட்டுடுவேன்."

"சொல்லு. சொல்லாம இருக்க உன்னால ஆகுமா என்ன? நாளைக் காலையில பத்து மணிக்குள்ள பதினாலு தெருவுக்கும் பட்டுவாடா பண்ணிடுவியே."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவே உலைக்குள் 'பக்' என்றது.

ஒன்று. இரண்டு. பிறகு கரியின் இடுக்கெல்லாம். நீலம் கால் ஊன்றாமல் எழுந்து ஆடியது.

"பாரு பாரு பாரு!" என்று அவள் கிளெமின் தோளில் ஓங்கி அறைந்தாள். "வந்துட்டாளுங்க! ஊர் சுத்திட்டுத் திரும்பி வந்துட்டாளுங்க!"

"கை, கை! அது நல்ல தோள்!" என்றார் கிளெம். ஆனால் அவரும் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டு ரோவீனா எழுந்தாள். சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து, தூணில் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். கிழிந்துபோன தபால்தலையின் பாதி, கிளெமின் கையெழுத்தில் பாதியோடு, அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்கவில்லை. தோள்பையிலிருந்த தன் சொந்தத் தபால்தலைப் புத்தகத்தைத் திறந்து, புதிதாக ஒன்றை உரித்து, பழையதற்குப் பக்கத்தில் குச்சியின்மேல் ஒட்டினாள். கரி படிந்த கட்டைவிரலை அதன் நடுவில் வைத்து, முத்திரை குத்துவதுபோல் ஒரே அழுத்தாக அழுத்தினாள்.